சங்கிலியில் கட்டிய பேனா

மூன்று இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, படிவத்தை எங்கள் பக்கம் தள்ளினார் குமாஸ்தா அம்மாள்.

நான் என் கையெழுத்துகளைப் போட்டு முடித்திருந்தேன். இனி என் மனைவி போட வேண்டியதுதான் பாக்கி. போட்டுவிட்டால் மாலைக்குள் அவள் என் மனைவி இல்லை.

அவள் இடதுகைக்காரி. கவுண்டரில் இருந்த பேனாவோ வலது ஓரத்தில், ஒரு சாண் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தது. இடது கையில் எடுத்தால் சங்கிலி குறுக்கே இழுக்கும், எழுத வராது.

இதற்காகத்தான் காத்திருந்தேன். சட்டைப்பையிலிருந்து இங்க் பேனாவை எடுத்து, மூடியைத் திருகி அவளிடம் நீட்டினேன். தடித்த நிப். காலையில்தான் கழுத்து வரை மை நிரப்பியிருந்தேன்.

இடது கையால் எழுதினால் எழுதிய எழுத்தின் மேலேயே கை நகரும். மை காயாவிட்டால் அவ்வளவுதான், எல்லாம் ஈஷிக்கொள்ளும். மை கலைந்த படிவம் செல்லாது, அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துத்தான் என்று கவுண்டர் கண்ணாடியிலேயே ஒட்டியிருந்தார்கள். போன தடவை வந்தபோது அதை நான் நாலு முறை படித்தேன்.

"போகாதே" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற காரியம். அதற்கு வாய் வராமல், கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கக் கிளம்பியிருந்தேன்.

வாயே வராதவன் என்றும் சொல்ல முடியாது. பதினோரு வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் என் இடது பக்கம் உட்கார்ந்தவள், அவளுடைய அண்ணன் குடும்பம் வந்த அன்று இடம் இல்லாமல் வலது பக்கம் உட்கார்ந்தாள். அவள் இடது முழங்கை என் வலது முழங்கையில் இடித்தது. டம்ளர் கவிழ்ந்து என் மடியெல்லாம் தண்ணீர்.

"நொட்டாங்கைப் புத்தி" என்று சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும். அவளுடைய அண்ணி சிரித்தது இன்னும் மோசம். மறுநாளே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

இப்போது அவள் பேனாவைப் பார்த்தாள். நிப்பின் நுனியில் மை திரண்டு சொட்டத் தயாராக நின்றது. பிறகு என்னைப் பார்த்தாள். அவள் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இங்க் பேனாவே கிடையாது.

வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சங்கிலிப் பேனாவை எடுத்தாள். வலது கையால்.

நான் பழித்த கையால் என்னை வெட்டிவிடக்கூட அவளுக்கு இஷ்டமில்லை. ஊர் மெச்சும் கையாலேயே முடித்துக்கொள்கிறாள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

பார்க்கத் துணிவில்லாமல் எதிர்ச் சுவரில் இருந்த சுவிட்சுகளை எண்ணினேன். பதினான்கு. பேனா பிராண்டும் சத்தமும் சங்கிலி கிலுகிலுப்பதும் மட்டும் கேட்டன. மூன்று கையெழுத்துக்கு வெகுநேரம் ஆனது. நிதானமாகப் போடுகிறாள், அவ்வளவு தீர்மானம் என்று நினைத்துக்கொண்டேன்.

குமாஸ்தா அம்மாள் படிவத்தை வாங்கி, எங்கள் திருமணப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்தே இல்லையேம்மா. கோழி கிளறின மாதிரி இருக்கு. மூணும் மூணு விதம் வேற."

நானும் எட்டிப் பார்த்தேன். முதல் கையெழுத்து மேலே ஏறியிருந்தது. மூன்றாவது, கோட்டை விட்டே இறங்கிப் போயிருந்தது.

பதினோரு வருஷத்தில் வலது கையால் அவள் ஒரு புள்ளி வைத்துக்கூட நான் பார்த்ததில்லை.

ஒன்றும் அறியாத முகத்தோடு அந்தக் கையை உதறிக்கொண்டு நின்றாள் என் மனைவி.

குமாஸ்தா அம்மாள் படிவத்தைக் குறுக்காகக் கிழித்தார். நாட்காட்டியைப் புரட்டி, மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார். அன்றைக்காவது எழுதுகிற கையால் போடும்படி கண்டிப்பாகச் சொன்னார்.

சீட்டை இடது கையால் வாங்கிக்கொண்டாள்.

"பாக்கலாம் மேடம், அன்னைக்கு எந்தக் கை வருதுன்னு."