ஏழாம் அறைக்கு முதலிடம்

எந்த டாக்டர் எவ்வளவு ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுக்கிறார் என்று ஒப்பிட்டு, அந்த மருத்துவமனையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் ஒட்டுவார்கள். மிகக் குறைவாக எழுதுகிறவருக்கு முதலிடம். மூன்றாம் அறை டாக்டரம்மா நான்கு வருடமாக அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இந்த முறை அவருக்கு இரண்டாமிடம். முதலிடம் ஏழாம் அறைக்கு. இருப்பதோ ஆறே அறைகள்.

"என்னண்ணே இது கூத்து?" என்று கிளார்க்கைப் பிடித்துக்கொண்டார்.

"ஏழாம் ரூம் சீட்டெல்லாம் பத்திரமா இருக்கு டாக்டர். வெந்நீர் குடிங்க, நல்லா தூங்குங்கன்னு எழுதியிருக்கு. பேஷண்டுங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். எல்லாரும் ஜம்முனு இருக்காங்க."

"என்னை ஜெயிக்க ஒரு ஆள்கூட வேண்டாமா? வெறும் ரூம் நம்பரே போதுமா?"

டாக்டரம்மா விடுவிடுவென்று ஆறாம் அறையைத் தாண்டிப் போனார். அங்கே வெறும் சுவர். அதைப் பார்த்தபடி ஒரு பெஞ்சு. பெஞ்சில் மூன்று பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"யாருக்குக் காத்திருக்கீங்க?"

"டாக்டருக்குத்தாம்மா," என்றார் ஓரத்தில் இருந்த தபால்காரர். "நீங்களும் டோக்கன் வாங்கிட்டு வாங்க. வரிசைன்னா வரிசைதான்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டோக்கன் ஜன்னல் ஆறாம் அறைக்கு எதிரேயே இருந்தது. பெஞ்சிலிருந்து யார் எழுந்து போனாலும் அங்கே டோக்கனுக்கு நின்ற அவரை இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். யாரும் போகவில்லை.

டோக்கனோடு திரும்பியபோது பெஞ்சில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். தபால்காரர் நகர்ந்து உட்கார்ந்து, அவருக்கு இடம் விட்டார்.