வாய் வைத்த பாட்டில்

“வாய வச்சுக் குடி” என்றாள் சுகிர்தா.

ராமப்ரசாத் கையில் பாட்டிலோடு உறைந்துபோனான்.

ஊருக்குள் நாலு பேர் பார்க்க என்னிடம் எதையும் கேட்டுவிடாதே என்று அவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். திங்கட்கிழமை காஞ்சிபுரத்தில் நம் பதிவுத் திருமணம் முடியட்டும், அப்புறம் ஊரே கூடி நின்றாலும் பயமில்லை என்றான். அவளும் கம்பெனியில் திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டாள்.

பெருநகர் பக்கம் மூடிக்கிடந்த ரைஸ் மில்லைத்தான் சினிமாக்காரர்கள் பதுங்குகுழியாக மாற்றியிருந்தார்கள். கதைப்படி வெளியே விஷக்காற்று. உலகமே செத்துப்போய், மிச்சம் மீதி உயிர்கள் இந்த இரும்புக் கதவுக்குள். இருப்பது ஒரே ஒரு பாட்டில் தண்ணீர்.

உயிர் தப்பியவர்களாக நடிக்கக் கோயில் தெருவிலிருந்தும் ஆள் வந்திருந்தது, காலனியிலிருந்தும் வந்திருந்தது.

முதல் டேக்கில் பாட்டில் கைமாறியது. கோயில் தெருக்காரர்கள் ஒருத்தர் தவறாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்கள். காலனிக்காரர்கள் முறை வந்ததும் சுகிர்தாவின் அத்தை மார்த்தாள், யாரும் சொல்லாமலே இரண்டு கையையும் குவித்து நீட்டினாள். அதில் ஊற்றினார்கள்.

டைரக்டர் சென்னைக்காரர். தலையில் அடித்துக்கொண்டார். சாகப்போகிறவன் எவனாவது அண்ணாந்து குடிப்பானா, பாதித் தண்ணீர் சட்டையில் போகிறதே என்று கத்தினார்.

அவரைத் தவிர அத்தனை பேருக்கும் பதில் தெரியும்.

சுகிர்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலகம் அழிந்தாலும் இது அழியாதா? பொய்க்குக்கூட அழியாதா?

அடுத்த டேக்கில் யார் ஆரம்பிப்பது என்று டைரக்டர் கேட்டபோது அவளே கை நீட்டி வாங்கினாள். உதடு நனைய நிதானமாகக் குடித்தாள். பக்கத்திலிருந்த கோயில் தெரு ராமப்ரசாத்திடம் கொடுத்தாள். கொடுத்த கையோடு, வாய் வைத்துக் குடி என்று கேட்டும்விட்டாள்.

கேமராவுக்குப் பின்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் அம்மா ஆண்டாளம்மாள். பிள்ளை நடிக்கிற அழகைப் பார்க்க வந்திருந்தாள்.

“இன்னாடி, இவனாண்டல்லாம் உனுக்கு இன்னாத்துக்கு வம்பு, வுடு” என்று மார்த்தாள் முணுமுணுத்தாள். அவளுக்குத் திங்கட்கிழமையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

சுகிர்தா அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. போன வாரம் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில், அவளோடு ஒரே ஸ்ட்ராவில் உறிஞ்சிய வாய்தானே இது.

ராமப்ரசாத் பாட்டிலைத் தூக்கினான். அண்ணாக்கவில்லை. உதட்டில் வைத்து மடமடவென்று குடித்தான்.

குடித்துவிட்டு, மலையைப் புரட்டிப் போட்டவன் மாதிரி அவளைப் பார்த்துச் சிரித்தான்.

டைரக்டர் கைதட்டினார். மில்லே கைதட்டியது. ஆண்டாளம்மாள்கூட முகம் சுளிக்கவில்லை.

“சூப்பர் தம்பி. குடிக்கிறதுக்கு முன்னாடி கட்டைவிரலால பாட்டில் வாயைத் துடைச்சீங்க பாருங்க, அவ்வளவு இயல்பா இருந்துச்சு. அதை அப்படியே வச்சுக்கலாம்.”

அடுத்த ஷாட்டுக்கு மார்த்தாள் மறுபடியும் கையைக் குவித்துக்கொண்டிருந்தாள். சுகிர்தா எழுந்தாள். குவிந்த அந்தக் கையைப் பிடித்து அத்தையைத் தூக்கிவிட்டாள்.

“குடிச்சேனே சுகி, பாத்தியோல்லியோ?” ராமப்ரசாத்தின் குரல் அவளுக்கு மட்டும் கேட்கிற அளவுக்குத்தான் வந்தது.

கதைப்படி அந்தக் கதவை யாரும் திறக்கக்கூடாது, வெளியே போனால் செத்துப்போவாய் என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

சுகிர்தா தாழ்ப்பாளை இழுத்தாள். வெயிலில் இறங்கி நடந்துகொண்டே சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள், திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன் என்று சொல்ல.