கண்டக்டர் அக்காவின் வயசு

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. கடற்படையில சேர வயசு வரம்புன்னு ஒண்ணு இருக்கு. இருபத்தொண்ணு தாண்டினா கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க.”

சிரித்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டுதான் நீச்சல் மாஸ்டர் இதைச் சொன்னார். எதிரே நின்றவள் பஸ் கண்டக்டர். டூட்டி முடிந்த கையோடு வந்திருந்தாள். பை தொங்கித் தொங்கி சட்டையின் ஒரு தோள்பட்டை மட்டும் சாயம் போயிருந்தது. நாற்பதைத் தாண்டியவள் என்பதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

“வரம்பெல்லாம் எனக்கும் தெரியும் மாஸ்டர். வயசுதான் இப்ப சிக்கலே. அதை நான் பாத்துக்கறேன், தண்ணியை நீங்க பாத்துக்குங்க. அங்க என்னென்ன நீச்சல் டெஸ்ட் வெப்பாங்களோ, அத்தனையும் அடுத்த மாசக் கடைசிக்குள்ள எனக்கு வந்தாகணும்.”

“இப்போ நீச்சல் எந்த அளவுக்குத் தெரியும்?”

“குளிக்கத் தெரியும்.”

நகராட்சி நீச்சல் குளத்தில் மாஸ்டர் பார்க்காத கிறுக்கு இல்லை. ஆனால் இது புதுக் கிறுக்கு. கடற்படைத் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் இளவட்டங்கள் அவரிடம் ஒரு கூட்டமே உண்டு. அதோடு இவளையும் சேர்த்துவிட்டார். ரெண்டு நாளில் தானாகவே நின்றுவிடுவாள் என்று கணக்குப் போட்டார்.

அவள் நிற்கவில்லை. முதல் வாரம் குளத்தில் பாதியைக் குடித்தாள். கரைக் கம்பியை விடச் சொன்னால், ஏதோ பரம்பரைச் சொத்து மாதிரி இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இளவட்டங்கள் அவளுக்கு ‘கேப்டன்’ என்று பெயர் வைத்தார்கள்.

“கேப்டன், கப்பல் எப்போ கிளம்பும்?”

“ஓரமா தொங்கிட்டு நிக்காம உள்ள வாடா, கிளப்பிடலாம்!”

மூச்சு வாங்கினாலும் வாய் ஓயவில்லை. ஒருநாள் தண்ணீர் மூக்கில் ஏறி வாந்தி எடுத்தாள். கதை முடிந்தது என்று நினைத்தார் மாஸ்டர். மறுநாள் காதில் பஞ்சோடு, அவருக்கு முன்னாலேயே வந்து கேட்டருகே நின்றாள். அன்றுதான் அவருக்கு அவள்மேல் இருந்த இளக்காரம் போனது.

அவள் கேட்கும் கேள்விகளும் ஒரு தினுசாக இருக்கும்.

“கடல்ல தண்ணி இதைவிட ஜில்லுன்னு இருக்குமா?”

“இருக்கும்க்கா.”

“இருட்டுல தவறி விழுந்துட்டா?”

“லைஃப் ஜாக்கெட் இருக்குமே.”

“அதையும் போட்டுப் பாக்கறேன், கொண்டாங்க.”

குளத்தின் நீளத்தைக் கடந்தாள். முழு உடுப்போடு மிதந்தாள். பாக்கி இருந்தது மேல் மேடையிலிருந்து குதிப்பது ஒன்றுதான். அங்கேதான் அவள் ஜம்பம் சாயவில்லை. தினமும் ஏணியில் ஏறுவாள், எட்டிப் பார்ப்பாள், ஏறிய வழியே இறங்கிவிடுவாள்.

கடைசி நாளும் வந்தது.

“இன்னைக்கு வேண்டாம்க்கா. இப்பவே மூணு தரம் ஏறி இறங்கிட்டீங்க.”

“நாளைக்கு மனு போட கடைசித் தேதி மாஸ்டர். இன்னைக்குக் குதிக்கலைன்னா கடற்படை கிடையாது. அவ்ளோதான்.”

மாஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. “உண்மையைச் சொல்லிடறேன். நீங்க தலைகீழா குதிச்சாலும் உங்களை எடுக்க மாட்டாங்க. எதுக்கு உடம்பைப் போட்டு இப்படி வதைச்சுக்கறீங்க?”

“குதிச்சா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். நீங்க கீழ நின்னா போதும்.”

ஏறினாள். இளவட்டங்கள் அரட்டையை நிறுத்திவிட்டுக் கரையில் வரிசையாக நின்றார்கள். மேடையின் விளிம்பில் அவள் ரொம்ப நேரம் நின்றாள். இறங்கிவிடுவாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். இறங்கவில்லை. கண்ணைக்கூட மூடவில்லை. “ஐயோ!” என்று குளம் முழுக்க எதிரொலிக்கும்படி ஓர் அலறல், அலறிக்கொண்டே குதித்துவிட்டாள்.

தண்ணீர் மூடிக்கொண்டது. மாஸ்டர் பாதி பாய்ந்துவிட்டார். அதற்குள் தலை மேலே வந்தது. இருமலோடு சிரிப்பும் வந்தது. கரையில் விசிலும் கைத்தட்டலும் காதைப் பிளந்தன. இப்படி ஒரு நெஞ்சுரத்துக்கு வயசு வரம்பு வைத்த புண்ணியவான் யாரோ என்று மாஸ்டர் வாய்க்குள்ளேயே திட்டினார்.

“அக்கா, சட்டம் மட்டும் என் கையில இருந்தா உங்களை இப்பவே கப்பல்ல ஏத்திடுவேன்,” என்றார்.

“என்னையா? நல்லா இருக்கே! நான் கப்பலுக்குப் போயிட்டா என் பஸ்ஸை யாரு பாக்கறது?”

மாஸ்டர் துண்டை நீட்டினார். அவள் ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

“குட்டி, அம்மா குதிச்சுட்டேன்டி! உனக்கு இன்னும் பதினெட்டு ஆகலை, கடற்படையில சேர பெத்தவங்க சம்மதம் வேணும்னாங்கல்ல? பெத்த பொண்ணை எதுல தள்ளி விடறோம்னு தெரியாம கையெழுத்துப் போட மாட்டேன்னேன், இப்போ தெரிஞ்சுடுச்சு, வந்து போட்டுத் தர்றேன். நீ தைரியமா போ. மேல ஏறினதும் பயமா இருந்தா எனக்கு ஒரு போன் பண்ணு, எப்படிக் குதிக்கறதுன்னு நான் சொல்லித் தர்றேன்.”