உடைக்காத சறுக்குவண்டி

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் யமால் தீபகற்பத்தில் ஒருவர் செத்தால், அவருடைய சறுக்குவண்டியை உடைத்து, அடக்கம் செய்த இடத்தில் கவிழ்த்துவிட்டு வருவோம். முழுதாக விட்டால் ஆள் அதிலேறித் திரும்பிவிடுவார். இது தெரிந்தும் ஹாத்னே தன் புருஷன் யெய்கோவின் வண்டியில் ஒரு கீறல்கூடப் போடாமல், முழுதாகவே அங்கே விட்டுவந்தாள்.

"ஏண்டி, வண்டி மேல அவ்வளவு பாசமா?" என்றேன். அடுத்த கூடாரக்காரி நான், கேட்காமல் இருக்க முடியுமா?

"அவர் வரட்டும்க்கா. நான் சொன்ன வார்த்தைய திருப்பி வாங்கணும்."

எந்த வார்த்தை என்று எல்லோருக்கும் தெரியும். மீன் பிடிக்கப் போய் வெறுங்கையோடு வந்தவனிடம், "இனிமே இந்த வாசல்ல கால வெச்சே, பாரு" என்று கத்தியிருந்தாள். தோல் சுவர்தானே, எங்களுக்கெல்லாம் கேட்டது. அவன் மறுபடி ஏரிக்குப் போனான். ஏரிமேல் உறைந்திருந்தது வசந்தகாலத்து மெல்லிய பனிக்கட்டி, காலடியில் உடைந்துவிட்டது. பிணம்தான் வந்தது.

கோடை முடிந்து பனிமான் மந்தையோடு தெற்கே நகர்ந்தோம். முதல் பனி விழுந்த காலையில், அவள் வாசல்வரை சறுக்குவண்டித் தடம் வந்து, அப்படியே திரும்பி வடக்கே, அவனை அடக்கம் செய்த பக்கம், போயிருந்தது. இழுத்த மானின் குளம்படி எங்கும் இல்லை. வாசலுக்கு வெளியே மீன்கள் உறைந்து கிடந்தன.

"மாப்பிள்ளை இப்பதான் மீன் பிடிக்கக் கத்துக்கிட்டாரு போல" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து வாசல் தோலைத் தூக்கிக் கட்டிவிட்டுத்தான் படுக்கிறாள். "உள்ள வாய்யா, கோவத்துல சொன்னது" என்று வடக்கே பார்த்துக் கூப்பிடுகிறாள். காலையில் நான் போய் எட்டிப்பார்ப்பேன். பனி அவள் படுக்கைவரை விழுந்திருக்கும். மீன் வாசலுக்கு வெளியே இருக்கும். உள்ளே விழுந்த பனியில் ஒரு காலடிகூட இருக்காது.