மனமுவந்து அளித்தது

“நடைபாதை போட்டா நடந்து வருவாங்களே?” என்றார் கடைசி வீட்டுக்காரர்.

சர்வேயர் பேனாவை மூடினாள். பாதை போட்டால் நடந்து வராமல் நீந்தியா வருவார்கள் என்று நாக்கு நுனிவரை வந்ததை அப்படியே விழுங்கினாள்.

இது பதினோராவது கூட்டம்.

விஷயம் ஒன்றும் வானத்தை வில்லாக வளைப்பதல்ல. குடியிருப்போர் சங்கத்து வீடுகளுக்குப் பின்னால், கம்பி வேலிக்குள், ஓடையை ஒட்டி நீளமாக ஒரு துண்டு நிலம். முள்ளும் உடைந்த பூந்தொட்டிகளும் தவிர அங்கே ஒரு மண்ணும் கிடையாது. அதைச் சங்கம் நகராட்சிக்கு விட்டுக்கொடுத்தால், ஓடைக்கரையோடு ஆஸ்பத்திரி வரைக்கும் பொதுப் பாதை போடலாம். கொடுக்காவிட்டால், மேட்டுக் குடியிருப்பு ஜனங்கள் இப்போது போலவே லாரி ரோட்டின் ஓரத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கலாம்.

அப்படி நடப்பவர்களில் ஒருத்தி சர்வேயரின் சித்தி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. தாயில்லாப் பெண்ணை எடுத்து வளர்த்து, படிக்கவும் வைத்தவள்.

போன மழைக்காலத்தில் ஒரு லாரி உரசிப் போனதில் முழங்கையில் ஏழு தையல். தையல் பிரித்த மறுநாளே அதே ரோட்டில்தான் வேலைக்குப் போனாள். வேறு ரோடு எங்கே இருக்கிறது?

கையெழுத்து ஆச்சா என்று வாரம் தவறாமல் கேட்பாள். ஆகும் சித்தி, ஆகும் என்று மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லி சர்வேயருக்கே வெட்கமாகிவிட்டது.

இன்றோடு கெடு முடிகிறது. இன்று ஆகாவிட்டால் திட்டம் வேறு வார்டுக்குப் போய்விடும்.

இவர்களோ அசைகிற வழியாகத் தெரியவில்லை. நாலாவது கூட்டம் முழுக்க, பெஞ்சுக்கு முதுகு வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே போனது. ஆறாவது கூட்டத்தில், பெஞ்சு போட்டால் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள் என்று பெஞ்சையே எடுத்துவிட்டார்கள். விளக்கு இல்லாவிட்டால் திருடன் வருவான், விளக்குப் போட்டால் தூக்கம் வராது. ஒன்பதாவதில், நடப்பவர்கள் சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஒரு தீர்மானம். கைதட்டி நிறைவேற்றினார்கள்!

எல்லாவற்றையும் அவள் எழுதிக்கொண்டாள். வாங்குகிற கை எப்போதும் கீழேதானே. சங்கத் தலைவர் ‘தங்கச்சி’ என்று கூப்பிட்ட போதெல்லாம் எழுந்து நின்றாள். நாங்கள் மனசு வைத்தால்தான் நடக்கும் என்று அவர் சொன்ன போதெல்லாம் தலையை ஆட்டினாள்.

இன்று மூன்று மணி நேரமாகக் கல்வெட்டுப் பிரச்சினை. பாதையின் இரண்டு முனையிலும் கல் நட வேண்டும், ‘எழுபத்திரண்டு குடும்பத்தார் மனமுவந்து அளித்த நிலம்’ என்று பொறிக்க வேண்டும். ‘மனமுவந்து’ போதுமா, ‘பெருமனதுடன்’ என்று போட்டால் இன்னும் எடுப்பாக இருக்குமா? இதற்கே முக்கால் மணி நேரம். பாறாங்கல்லில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

ஒருவழியாக ‘மனமுவந்து’ ஜெயித்தது. தலைவர் பேனாவைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுந்தார். ஒரு கால்புள்ளி விட்டுப்போனாலும் விடாத மனிதர்.

“ஒரு நிமிஷம். மூலப் பத்திரத்தை எடுத்துப் பாக்காம எப்படி எழுதிக் குடுக்கறது?”

நியாயமான கேள்வி. பதினோரு கூட்டத்தில் வந்த ஒரே நியாயமான கேள்வி.

சர்வேயர் சட்டென்று நிமிர்ந்தாள். “அதெல்லாம் வேணாம் சார்,” என்றாள், கொஞ்சம் வேகமாகவே.

ஒரு ஆபீஸ்காரி வாயிலிருந்து காகிதம் வேண்டாம் என்ற வார்த்தை வந்து அந்த ஹாலில் யாரும் கேட்டதில்லை. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளையே பார்த்தார்.

காப்பாற்றியது தலைவரின் கர்வம்தான். எங்கள் நிலம் எங்களுக்குத் தெரியாதா, பத்திரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று சிரித்தபடி, ஒரே இழுப்பில் கையெழுத்தைப் போட்டார். ஹால் கைதட்டியது. கடைசி வீட்டுக்காரர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். நகராட்சி சார்பில் நன்றியாக நாலு வார்த்தை பேசச் சொல்லி அவளைக் கூப்பிட்டார்கள்.

அவள் காகிதத்தைப் பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் எழுந்தாள்.

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவர்களைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தக் கடைக்காரனுக்கே தேங்காயைத் தானம் கொடுத்துக் கும்பிடும் வாங்கிக்கொள்கிறவர்களை அவள் இங்கேதான் பார்த்தாள்.

ஓடையிலிருந்து நாற்பது அடி, ஆதி முதல் நகராட்சி நிலம். வீடு கட்டிய காலத்தில் வேலியை ஓடை வரைக்கும் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். போட்டவர்களுக்கே அது மறந்து போயிற்று. மூன்று வருடத்துக்கு முன்னால் சங்கிலி பிடித்து அளந்த முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நோட்டீஸ் விட்டால் கோர்ட்டுக்குப் போவார்கள், பதினைந்து வருடம் இழுக்கும், கேட்டு வாங்கப் பார் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். பதினைந்து வருடம் அந்த ரோட்டில் நடக்கச் சித்தியால் ஆகாது.

கையைக் கூப்பினாள்.

“ரொம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு.”

தலைவர் அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.