ரிம்முக்கு நல்ல தண்ணி

டிராக்டர் டயருக்குள்ள வெறும் காத்துதான் இருக்குன்னு நெனைக்குத ஆளுவ கையத் தூக்குங்கலே. பாத்தியா, அம்புட்டுப் பேரும் தூக்குதான். உங்களுக்கு ஓட்டு வேற குடுத்திருக்காவ.

பின் டயர்ல முக்காவாசி தண்ணிலே. வெயிட்டு வேணும்லா? இல்லன்னா உப்பள வரப்புல மூட்டைய இழுக்கும்போது சக்கரம் நின்ன எடத்துலயே சுத்தும். சேத்த வாரி மூஞ்சில அடிக்கும். வண்டி நகராது.

ஆறுமுகநேரியில உப்பளம் வச்சிருந்த கிருபாநிதி மொதலாளி பெரிய கெட்டிக்காரரு. "அளத்துத் தண்ணி சும்மா கெடக்கு, கனமும் கூட"ன்னு அதையே டயருக்குள்ள ஊத்தச் சொன்னாரு. டியூபு லேசா கசிஞ்சிது. உப்புத் தண்ணி ரெண்டு ரிம்மையும் அப்பளமா நொறுக்கிட்டு. புதுசு வாங்குனாரு. அன்னையிலருந்து துருன்னு சொன்னாலே மனுசனுக்குச் சோறு எறங்காது.

அதுக்குப் பொறவு ஆத்தூர் வாழைத் தோட்டத்துக் கெணத்துத் தண்ணிதான் டயருக்கு. குடிச்சா இனிக்கும்.

அந்தத் தண்ணியத்தான் டிரைவர் வன்னியபெருமாள் சனிக்கெழம ஆனா அளத்துல வச்சித் தொறந்து விட்டுருவாரு. பொறவு கைப்பம்பை வச்சி, வேர்த்து ஊத்த டயருக்குக் காத்தடிச்சி, ஆத்தூர் போயி புதுத் தண்ணி ரொப்புவாரு. கேட்டா, "பழைய தண்ணி கெட்டுப் போவும் மொதலாளி, ரிம்மு துருப் புடிச்சிரும்"பாரு.

மொதலாளிக்குச் சந்தேகம். தூத்துக்குடி டிராக்டர் ஒர்க்‌ஷாப்புல இருந்து இனிகோவக் கார்ல ஏத்திட்டு வந்தாரு.

இனிகோ யாரு? காலேஜ் அவன வெளிய தள்ளுச்சா, அவன் காலேஜைத் தள்ளுனானான்னு இன்னும் தீர்ப்பு வரல. பெல்பாட்டம், வாய் நெறைய நக்கல்.

"அவன் சொல்லுதது பொய்யின்னு காட்டு. வன்னியம் வீட்டுக்குப் போவான். வண்டி ஓட்டுத வேல ஒனக்கு"ன்னாரு மொதலாளி, கார்ல உக்காந்தபடியே. எறங்குனா செருப்புல சேறு பட்டுருமாம்.

இனிகோவுக்குக் காலு தரையில நிக்கல. மனசுக்குள்ள ஸ்டியரிங்கப் புடிச்சி, குலசேகரன்பட்டினம் தசராவுக்கே ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துட்டான்.

"பொய்யின்னு எனக்கு இப்பவே தெரியும். எதுக்குன்னுதான் தெரியல. எவனுக்கோ தண்ணிய விக்கான். கையும் களவுமா புடிச்சிட்டு வாரேன் மொதலாளி."

போயி உப்பு அம்பாரத்துக்குப் பொறத்தால ஒளிஞ்சிக்கிட்டான்.

வேல முடியுத நேரம். வன்னியபெருமாள் வண்டிய மெதுவா உருட்டி, வால்வு கீழ வாரமாதிரி நிப்பாட்டுனாரு. வால்வக் கழத்துனதுதான் தாமசம், சர்ருன்னு பீச்சி அடிச்சிது தண்ணி.

உப்புப் பாத்தியில வேல பாத்துட்டு நின்ன பொம்பளையாளுவ பூராப் பேரும் சேலையத் தூக்கிச் சொருவிக்கிட்டு ஓடி வந்தாவ.

"ஏளா, தள்ளு. ஒனக்கு மட்டும் என்ன ராணி காலா?"

"பொறு பிச்சம்மா. எரியுது ஏளா. ஆனா சொகமாவும் இருக்கு."

இனிகோ எட்டிப் பாத்தான். பகல் பூரா உப்புத் தண்ணியில நின்ன காலு. குதிங்காலு, வெரலு இடுக்கு எல்லாம் வெடிச்சி, வெடிப்புக்குள்ள உப்பு ஏறிக் கெடக்கு. ஒருத்தி தண்ணிக்கு நேரா காலை நீட்டிக்கிட்டு கண்ண மூடிட்டா.

ஒளிஞ்சிருந்தவன் தன்னால வெளிய வந்தான். வன்னியபெருமாள் மொகம் செத்துப் போச்சி.

"தம்பி, மொதலாளி அனுப்புன ஆளா?"

"ஆமா அண்ணாச்சி. இதுக்கு எதுக்கு டயரு? டிரம்முல கொண்டு வந்து ஊத்த வேண்டியதுதான?"

பிச்சம்மாள் வாய் சும்மா இருக்குமா? "கொண்டாந்தாரு. மொதலாளி டிரம்ம உருட்டி விட்டுட்டாரு. 'குடிக்க ஒரு கொடம் தாரேன்லா, காலு கழுவத் தண்ணி எதுக்குட்டி? ஒங்கள எவனும் பொண்ணு பாக்க வாரானா?'ன்னு கேட்டாரு."

வன்னியபெருமாள் மெதுவாச் சொன்னாரு: "சொல்லணும்னா சொல்லிரு தம்பி. ஆனா இவளுவ கழுவி முடிக்கட்டும்."

முடிச்சாவ. இனிகோவும் வன்னியபெருமாளும் தூரத்துல ரோட்டுல நின்ன காருக்குப் போனாவ.

"என்னலே, பொய்தான?"

இனிகோ தொண்டையச் செருமுனான். "மொதலாளி, இந்த ஆளு செய்யுதது பெரிய தப்பு."

வன்னியபெருமாள் தலையக் குனிஞ்சிக்கிட்டாரு.

"உப்புக் காத்து அடிக்குத எடம். ஆக்ஸிடேஷன், கரோஷன் எல்லாம் குதிர வேகத்துல நடக்கும். வாரத்துக்கு ஒருக்கா மாத்துனா எப்படிப் பத்தும்? தெனமும் மாத்தணும். அதுவும் அளத்துலயே தொறந்து விட்டுரணும். இல்லன்னா அடுத்த மழைக்குள்ள ரிம்மு சல்லடை."

மொதலாளிக்கு வேர்த்திட்டு.

"ஏலே வன்னியம், எம் ரிம்ம அழிக்கப் பாத்தியேலே. நாளையிலருந்து தெனமும் மாத்துத. ஒருநாள் விட்டேன்னு தெரிஞ்சிது, சீட்டக் கிழிச்சிருவேன்."

கார் புழுதியக் கெளப்பிட்டுப் போச்சி.

வன்னியபெருமாள் இனிகோவ மேலயும் கீழயும் பாத்தாரு. "தெனமும் மாத்தணும்னு எந்தப் புஸ்தகத்துல தம்பி போட்டிருக்கு? காத்தடிக்கப் போறது நாந்தான்லா."

"எதுலயும் போடல அண்ணாச்சி. தண்ணி கெடக்குதது டியூபுக்குள்ள, ரிம்மத் தொடவே தொடாது. டியூபு கசியாம இருந்தா, நல்ல தண்ணி வருசக்கணக்குல அப்படியே கெடக்கும். உங்கள மாட்டிவிட்டு வண்டியப் புடுங்கத்தான் வந்தேன். இப்ப நானும்லா மாட்டிக்கிட்டேன். அந்தப் பம்ப இங்கன குடுங்க."