ஒரே மாடல்

ஜெபமணி மெக்கானிக்கின் பட்டறையில் ஒரு பழைய பம்புசெட் எஞ்சின் கிடந்தது. அதன் பிஸ்டன் தேய்ந்துபோயிருந்தது. எந்தக் கடையில் கேட்டாலும் அந்த மாடலுக்குப் பிஸ்டன் வருவதில்லை என்றார்கள். கடைசியில் அவர் பழைய இரும்புக் கடையிலிருந்து அதே மாடலில் இன்னோர் எஞ்சினை வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார்.

"வாப்பா. நம்ம ஆளுங்க யாருமே இல்லைன்னு நினைச்சேன்" என்றது முதல் எஞ்சின். "உனக்கு என்ன கோளாறு?"

"கார்ப்பரேட்டர் போச்சு. உனக்கு?"

"பிஸ்டன்."

"பிஸ்டனா? எனக்கு அது நல்லாத்தான்..." என்று தொடங்கிய புது வரவு பாதியில் நிறுத்திக்கொண்டது. முதல் எஞ்சினும் தன் கார்ப்பரேட்டரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சுவரில் தொங்கிய ஸ்பேனர் சிரித்தது. "எதுக்கு ஒளிக்கிறீங்க? அவருக்கு ரெண்டுல ஒண்ணு ஓடினாப் போதும்."

நன்றாக இருக்கிறேன் என்றால் கழற்றிவிடுவார். கெட்டுப்போனேன் என்றால் எடைக்குப் போட்டுவிடுவார். எதைச் சொல்வது என்று இரண்டுக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஜெபமணி இரண்டையும் பிரித்தார். நல்லதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பூட்டினார். மிச்சத்தைச் சாக்கில் போட்டுக் கட்டினார். கயிற்றைச் சுற்றி இழுத்ததும் எஞ்சின் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

"பிழைச்சது யாருப்பா?" என்று கேட்டது ஸ்பேனர்.

எஞ்சின் தன் சத்தத்தையே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

"தெரியலண்ணே. பயம் மட்டும் போகல."

"யாரோட பயம்?"

"ரெண்டு பேரோடதும்."